கட்டைவிரல் மறைத்த ராணி

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது அவள் ஒரு ராணி கதையின் பாதியில் இருந்தாள். அறுநூறு பக்கச் சரித்திர நாவல். ஒரு மாதம் எதையும் படிக்கக் கூடாது, மூன்று மாதம் கண்ணைக் கசக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா வாசித்துக் காட்டினால் கோர்ட்டில் தீர்ப்பு படிக்கிற மாதிரி இருக்கிறதாம்.

“நீ படிச்சு அனுப்புடி குட்டி. உன் குரலையும் கேட்ட மாதிரி இருக்கும்.”

அதனால் தினமும் அப்பா பக்கங்களைப் போனில் படம் பிடித்து அனுப்புவார். நான் வேலை இடைவேளையில் வாசித்துப் பதிவு செய்து அனுப்புவேன். வெளிநாட்டு ஹோட்டலில் வரவேற்பு வேலை, மூன்றாவது மாடியில் ஜன்னல் வைத்த அறை என்று வீட்டில் சொல்லியிருந்தேன். உண்மையில் நான் தரைக்குக் கீழே, சலவைப் பகுதியில் இருந்தேன். தங்கும் அறையும் அதே வரிசையில்தான். மெஷின் சத்தம் பதிவில் விழுந்துவிடுமோ என்ற பயத்தில், போர்வை அடுக்கும் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பேன்.

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். என் எதிரில் நிற்பவளுக்கு எதிர்முனை அக்கா என்று பெயர் வைத்திருந்தேன். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, நடந்து வந்து சேர்கிற ஒவ்வொரு தடவையும் கதை கேட்பாள்.

“இன்னைக்கு ராணி என்ன கட்டியிருந்தா?”

“வெள்ளைப் பட்டு.”

“யாரு துவைச்சாங்களாம்?”

“அது போடலக்கா.”

“போட மாட்டான். எழுதினவன் துவைச்சிருந்தாத்தானே?”

அப்பா அனுப்பும் ஒவ்வொரு படத்திலும் அவருடைய கட்டைவிரல் இருக்கும். கடைசி மூன்று வரி அதற்கு அடியில் போய்விடும். விரலை எடுங்கப்பா என்று சொல்லிச் சொல்லி அலுத்து, அந்த வரிகளை நானே ஊகித்து வாசிக்க ஆரம்பித்தேன். ராணி புன்னகைத்தாள். குதிரைகள் விரைந்தன. ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ராணி கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனாள். அரண்மனைத் தூண்களே நாற்பது பக்கம் வந்தன.

“ஏன்டி, அவ்வளவு தூரம் போனவ பெத்தவள ஒரு தடவைகூட நினைக்கலையா?” என்று கேட்டாள் அம்மா.

“வரும்மா, அடுத்ததுல வரும்.”

வந்த படங்களையெல்லாம் தேடிப் பார்த்தேன். யானைகளுக்குக்கூடப் பெயர் இருந்தது. ராணிக்கு வீட்டு நினைப்பு இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் கட்டைவிரலுக்கு அடியில் மூன்று வரிக்குப் பதில் ஒரு முழுக் கடிதம் முளைத்தது. ‘அம்மா, எனக்குக் கொடுத்திருக்கும் அறைக்கு ஜன்னல் இல்லை. வெளியே மழையா வெயிலா என்று பணிப்பெண்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.’

“இப்பத்தான்டி கதை சூடு பிடிக்குது!” என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு என் வாய் நிற்கவில்லை. ராணி வாரம் இரண்டு கடிதம் எழுதினாள். அந்தப்புரத் தலைவியின் காலடிச் சத்தம் கேட்டாலே தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறேன் என்றாள். ஒரு வருஷம் முடிவதற்குள் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தாள்.

மாதம் முடிந்த நான்காம் நாள், மடித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா கூப்பிட்டாள். எதிர்முனை அக்கா என் பக்கத்து மூலைகளையும் வாங்கிக்கொண்டு, போ என்று தலையாட்டினாள்.

“கண்ணாடி போட்டாச்சுடி. ராணி லெட்டர் எந்தப் பக்கம்?”

“பின்னாடி எங்கேயோ வரும்மா...”

“ரெண்டு தடவை தேடிட்டேன். தூணு இருக்கு, யானை இருக்கு, நகையே பதினோரு பக்கம் இருக்கு. லெட்டரக் காணோம். சப்புன்னு ஆயிடுச்சு. இவளுக்காகவா ஒரு மாசம் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்?”

“எழுதினவர் சொதப்பிட்டாரும்மா. அதான் நான் கொஞ்சம் சேர்த்து...”

“நல்லா கதை விடுறா உன் பொண்ணுன்னு அப்பா சிரிக்கிறாரு. எனக்குச் சிரிப்பு வரல. ஜன்னல் இல்லாத ரூம் யாரோடதுடி?”

“ராணியோடதுதாம்மா.”

“வீடியோ போடு.”

மேலே ஓடிப்போய் வரவேற்பறையில் நின்று காட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். இந்தச் சீருடையோடு மாடிப்படி ஏறவே எங்களுக்கு அனுமதி கிடையாது. என் அறைக் கதவைத் திறந்து போனைத் திருப்பினேன். அடுக்குக் கட்டில், கயிற்றில் காயும் சட்டை, சுவரோடு ஓடும் தண்ணீர்க் குழாய்.

“ஒண்ணும் தெரியல, லைட்டைப் போடுடி.”

“போட்டுத்தாம்மா இருக்கு.”

அந்தப் பக்கம் போனைப் பிடித்திருந்தது அப்பா போலிருக்கிறது. பாதித் திரையை அவர் கட்டைவிரல் மறைத்தது.

“விரலை எடுங்கப்பா,” என்றேன்.

விரல் நகர்ந்தது. இன்னும் கசக்கக் கூடாத அந்தக் கண்ணை அம்மா கசக்கிக்கொண்டிருந்தாள்.