சிங்கம் இருக்கட்டும், தேனீ வேண்டாம்

1

"தேனீயத் தூக்கிரு. வேணும்னா சிங்கத்தப் போட்டுக்க."

"நீ சிங்கத்தப் பாத்ததே இல்லைன்னியே மச்சான்?"

"கதைதானே புள்ள? ஒன்னுக்கு ரெண்டாப் போடு. அம்மா சிங்கத்துக்கெல்லாம் பயப்படாது."

இந்தக் கதை பிறந்தது இப்படித்தான், ஒரு வாட்ஸ்அப் அழைப்பில். அந்தப் பக்கம் கிரிஷாந்தன்; கென்யாவில், காட்டு விலங்குகளைப் பார்க்க வருகிறவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் தோட்ட வேலை. இந்தப் பக்கம் அவனுடைய மாமன் மகள் சுபாஜினி. இலங்கை மலையகத்துப் பூனாகலையில், சிக்னல் கிடைக்கிற தண்ணீர்த் தாங்கியின் மேல். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்து, தேயிலை மலையில் என்றாவது ஓநாய் வரும் என்று காத்திருப்பவள். கதையை எழுதுவது அவள்தான்.

2

முதல் தொடக்கம்: 'ஆப்பிரிக்காவின் செவ்வானத்தின் கீழே, ஆதி மௌனத்தில்—'

(அங்கே மௌனமே இல்லையாம். சமையல்கட்டில் எந்நேரமும் ரேடியோ.)

அடுத்தது: 'அந்த விடுதியில் எதுவும் வீணாவதில்லை. குளித்த தண்ணீர் தோட்டத்துக்கு, மிச்சச் சாப்பாடு உரத்துக்கு, வெயில் விளக்குக்கு—'

(உண்மைதான். ஆனால் அறை வாடகை எவ்வளவு என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.)

மூன்றாவதில்தான் தேனீ வந்தது. தோட்டத்தை மேய வரும் யானையை அங்கே சுடுவதில்லை. மின்சார வேலியும் இல்லை. சுற்றிலும் கம்பி இழுத்து, தேன்பெட்டிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். யானை கம்பியில் முட்டினால் பெட்டி ஆடும், தேனீ கிளம்பும், யானை ஓடும். யாருக்கும் சேதமில்லை. பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது கிரிஷாந்தனின் வேலை.

அடிக்குறிப்பு, அவசரமாக: தேயிலை மலையில் 'குளவி!' என்று சத்தம் கேட்டால் கொழுந்தைப் போட்டுவிட்டு ஓடுவோம். போன வருடம் கனகம் அத்தையால் ஓட முடியவில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் முகம் வீங்கிக் கிடந்தவளை, பெற்ற மகனுக்கே அடையாளம் தெரியவில்லை. கிரிஷாந்தன் அந்த மகன்.

3

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு யானை வந்தது. விருந்தினர்கள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யானை முட்டியது, பெட்டி ஆடியது, ரீங்காரம் கிளம்பியது. கிரிஷாந்தன் "குளவி! குளவி!" என்று சுத்தப் பூனாகலைத் தமிழில் அலறிக்கொண்டு ஓடினான். யானையும் ஓடியது. இரண்டும் ஒரே பக்கம்.

ஆற்றங்கரையில்தான் நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யானையின் கண்ணில் காலங்களைக் கடந்த ஒரு ஞானம்—

(இந்த வரியைச் சுபாஜினி அடித்துவிட்டாள். அவன் சொன்னது: "அதுக்கும் என்னைய மாதிரியே மூச்சு வாங்குச்சு புள்ள.")

நிகழ்ச்சியில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்து விருந்தினர்கள் கைதட்டினார்கள். வேலை தப்பியது. இப்போது வலைத்தொப்பி போட்டுக்கொண்டு அவனே பெட்டியைத் திறக்கிறான். ஓட வழி எது என்று பார்த்துவைத்துக்கொண்டுதான் திறப்பான். அந்த வேலை அவனுக்குப் பிடித்துவிட்டது.

4

மகன் தேன்பெட்டி திறப்பது அத்தைக்குத் தெரிந்தால் அன்றைக்கே தான் சாப்பிடுவதை நிறுத்திவிடுவாள், அவன் திரும்பி வரும்வரை. தேனீ வேறு, குளவி வேறு என்று ஒருமுறை சுபாஜினி சும்மா சொல்லிப் பார்த்தாள். "கொட்டுறதெல்லாம் ஒன்னுதான்டி" என்று பேச்சை முடித்துவிட்டாள் அத்தை.

ஆகவே சிங்கத்தைப் போட்டு எழுதிப் பார்த்தாள். சிங்கம் வந்தது, உரம் கிண்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்தது, கொட்டாவி விட்டுப் போய்விட்டது. கதையும் அதன் பின்னாலேயே போனது.

தேனீயை வைத்தால் கதை நிற்கும், கிரிஷாந்தன் கென்யாவில் நிற்க முடியாது.

5

முடிவு எழுதுவதற்குள் கனகம் அத்தையே தண்ணீர்த் தாங்கியடிக்கு வந்துவிட்டாள், மலையிலிருந்து நேராக, தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல்.

"எம்மவனப் பத்திக் கதை எழுதுறியாமே? சிங்கமெல்லாம் வருதாமே? அவனே போன்ல சொன்னான்."

"சும்மா... இன்னும் முடியல அத்தை."

"முடிஞ்ச வரைக்கும் போதும். எறங்கு கீழ."

சுபாஜினி இறங்கினாள். கையில் இரண்டு தாள்: மேலே சிங்கம், கீழே தேனீ. இந்த இடத்தில் அவள் அத்தையைப் பார்க்கவில்லை, உங்களைப் பார்க்கிறாள். எந்தத் தாள்?

அத்தை கல்லில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"சிங்கம் கெடக்கட்டும். அங்க எம்புள்ள என்னதான் வேல பாக்குறான்னு வர்ற எடம் இருக்கும்ல? அதுலருந்து வாசி."