கேஸ் வாசனை

"உடைந்த மனத்துக்கும் உலகத்துக்கும் இடையே நிற்கும் பாலமே கேஸ் மேனேஜர்!" என்று மனநல மருத்துவமனையின் ஆண்டுவிழாவில் இயக்குநர் முழங்கியிருந்தார். மறுநாள் அந்தப் பாலம் ஒரு நோயாளியின் வீட்டைத் தேடி நான்காவது மாடி ஏறி மூச்சிரைத்து நின்றபோது எதிர்வீட்டம்மா பிடித்துக்கொண்டாள்.

"சார், எங்க அடுப்பும் சரியா எரியல. அப்படியே ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க."

அந்த நோயாளியின் அக்கா செய்த வேலை அது. தம்பியைப் பார்க்க மருத்துவமனையிலிருந்து ஆள் வருகிறது என்று எந்த வாயால் சொல்வாள்? கேட்டவர்களிடமெல்லாம் "கேஸ் ஆளு" என்று சொல்லிவைத்திருந்தாள். யோசித்தால், பொய்யுமில்லை.

தம்பி இரண்டு மாதமாக ஊசி போட்டுக்கொள்ளவில்லை. அறையைத் தாழிட்டுக்கொண்டு கிடந்தான். இன்று தானாகக் கிளம்பி வந்தால் ஒரு ஊசியோடு போகும். இல்லையென்றால் நாளை போலீஸோடு மருத்துவமனை வண்டி வரும். போனமுறை அவன் கையைக் கட்ட அக்காவின் துப்பட்டாவைத்தான் உருவினார்கள். அதன்பிறகு அவள் துப்பட்டா போடுவதில்லை.

மேனேஜர் கதவருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, குரலில் தேன் தடவினார். "தம்பி, நான்தான் வந்திருக்கேன்."

"கேஸ் வாசன வருது," என்றது கதவு.

"உங்களுக்கு அப்படித் தோணுது. எனக்குப் புரியுது." பயிற்சி வகுப்பில் அவருக்குக் கைதட்டல் வாங்கித் தந்த வாக்கியம்.

"காலையிலேருந்து இதே பாட்டுதான் சார்," என்று அக்கா கிசுகிசுத்தாள். "எனக்கு வேற சளி. ஒரு வாசனையும் தெரியல."

"நீங்க கேஸ் ஆளுதானே? போய் அடைங்க. வர்றேன்," என்றது கதவு.

உள்ளே செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூடிக்கிடந்த சமையலறையைத் திறந்ததும் நெடி மேனேஜரின் மூக்கில் அறைந்தது. சிலிண்டர் சீறிக்கொண்டிருந்தது. ரெகுலேட்டரை வலப்பக்கம் திருகினார், இடப்பக்கம் திருகினார். சீறல் கூடியது.

தாழ் திறந்தது. தம்பி வந்து, அவரைத் தோளால் ஒதுக்கி, ஒரே திருப்பில் அடைத்தான். ஜன்னலைத் திறந்துவிட்டான்.

"அப்ப கிளம்பலாமா தம்பி?"

"உங்களுக்கு அப்படித் தோணுது. எனக்குப் புரியுது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். தாழ் விழுந்தது. செருப்பைக் கழற்றும் சத்தம் வந்தது.

"நாளைக்கு எப்ப சார் வருவாங்க?" என்றாள் அக்கா.

பதில் வருமுன் வாசலிலிருந்து குரல் வந்தது. "சார், அடுத்து எங்க வீடு."

அக்கா அவரையே பார்த்தாள்.

கேஸ் மேனேஜர் எதிர்வீட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.