தாயைப் பார்த்த மகளுக்குப் பொன்னாடை

வெள்ளவத்தை நூலகக் கூட்டத்தில் புளோறன்ஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தன் சிறுகதைகளைப் பற்றிப் பேச வந்தவள், பாதியிலேயே முடித்துக்கொண்டு கதிரையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் வரிசையில் தம்பி ஒஸ்வால்ட் இருந்ததுதான் காரணம். கதைப் புத்தகம் இருக்கும் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன், துறைமுக வேலை முடிந்து இன்றைக்கென்று பார்த்து வந்து சேர்ந்திருந்தான்.

தலைவர் சாந்தகுமார் மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். பிடித்தால் இலேசில் விடமாட்டார். ஒரு கதையைப் புகழ்வதென்றால் அதை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்தாக வேண்டும் அவருக்கு. அன்றைக்கு அவர் எடுத்துக்கொண்டது, படுக்கையில் விழுந்த தாயை மகள் கழுவித் துடைத்துப் பார்க்கிற கதை. புளோறன்ஸ் அதை 'நான்' என்று எழுதியிருந்தாள். 'நான்' என்று வந்துவிட்டால் அது எழுதியவரேதான் என்பதில் நம் சபைகளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

"இது கதையில்லை, இவவின்ர சீவியம். பெத்த தாயைக் கடைசிமட்டும் பார்த்த கை இது," என்றார் மாஸ்டர். சபை கைதட்டியது. புளோறன்ஸ் வாசலைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள், தம்பியை மட்டும் பார்க்கவில்லை.

தாயைப் பார்த்தவன் ஒஸ்வால்ட். கொட்டாஞ்சேனை வீட்டில், வேலைக்குப் போகுமுன்னும் வந்தபின்னும் அம்மாவைத் தூக்கியதும் கழுவியதும் அவன்தான். புளோறன்ஸ் இருந்தது ஹெந்தளையில், ஒரு பஸ் தூரம். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சோதனை, தலையிடி, மழை என்று ஏதாவது சாட்டு. வந்தாலும் அறை வாசலோடு நின்றுவிடுவாள். அம்மாவின் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொள்வாள். அந்த வாடையைக் கதையில் நன்றாகத்தான் எழுதியிருந்தாள். இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பொன்னாடையை இவவின்ர தம்பியே வந்து போத்தட்டும்," என்றார் மாஸ்டர்.

ஒஸ்வால்ட் எழுந்து வந்தான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பொன்னாடையை விரித்துத் தோளில் போட்டபோது அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மைக்கில சொல்லிப்போடுறன், ஒஸ்வால்ட். அம்மாவப் பார்த்தது நீதான் எண்டு."

"வேணாம் அக்கா."

"உனக்குக் கோபமில்லையா?"

"கோபம்தான்." அவன் பொன்னாடையின் மடிப்பை நீவிவிட்டான். "ஆனா கடைசியில அம்மாவுக்கு ஆளடையாளம் தெரியாமப் போச்சு. கழுவேக்கயெல்லாம் என்னைப் புளோறன்ஸ் எண்டுதான் கூப்பிட்டவ. நானும் ஓம் அம்மா எண்டுதான் சொன்னனான்."