பெயருக்கு முன்னால் ஒரு கட்டம்

முபீனாவுக்கு எதையும் கோடு போட்டுத்தான் எழுத வரும். மாலை வகுப்பில் குடும்ப வரலாறு எழுதிவரச் சொன்னதும், பெரிய தாள் ஒன்றில் கட்டம் கட்டமாக வரைந்துவிட்டாள். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்களின் பெயருக்கு முன்னால் ‘ஹாஜி’, இறந்தவர்களுக்கு ‘மர்ஹூம்’, ஆண்களின் பெயருக்குப் பின்னால் ‘ராவுத்தர்’. மற்றவர்களின் முன்கட்டத்தில் ஒரு சிறு கோடு. எல்லாம் நிரம்பியது. சிக்கந்தர் மாமாவுக்கு மட்டும் முன்கட்டம் காலியாகக் கிடந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்பு போடிமெட்டுச் சரிவில் மண் சரிந்தபோது, மாமா ஓட்டிப்போன ஜீப்பு கிடைத்தது, மாமா கிடைக்கவில்லை. கமர்நிசா மாமி இன்றும் அவர் சட்டைகளைத் துவைத்து மடித்து வைக்கிறாள். ‘மர்ஹூம்’ என்று எழுத முபீனாவுக்குக் கை வரவில்லை. எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடுமோ என்றும் பயந்தாள்.

தாளைப் பார்க்க மாமியே வந்துவிட்டாள்.

“ஏன்டி, உங்க மாமாவுக்கு மட்டும் என்ன குறை வச்சே? ராவுத்தர்னு போடலேன்னாலே சண்டைக்கு வருவாரே!”

“அதைப் போட்டுட்டேன் மாமி. முன்னாலதான்... நீங்க சொல்லாம எப்படி எழுதுறது?”

மாமி அந்தக் கட்டத்தை விரலால் தடவினாள்.

“எல்லாரும் அவரோட மறுமைக்காக துஆ கேக்குறாங்க. நான் மட்டும் வழியப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன்,” என்றாள். “பேனாவைக் கொண்டா. வேற யாரும் எழுத வேணாம்.”

‘மர்ஹூம்’ என்று ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது.

“அய்யோ, உன் கோட்டைக் கெடுத்துட்டேனே!”

“இருக்கட்டும் மாமி” என்ற முபீனா, மை காயும்வரை தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.