ஜனவரி இரண்டாம் தேதி

பதினான்கு மாதமாக வில்மாவுக்கு மனதில் எதுவும் ஒட்டவில்லை. சோறு ருசிக்கவில்லை, அழுகையும் வரவில்லை. இருபத்தாறு வருடம் வருமான வரிப் படிவத்தைச் சமையலறை மேசையில் தானே நிரப்பியவள், இந்த வருடம் பேனாவை எடுத்துவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன கணவன் ராஸ்கோவின் அக்கா டார்லீன்தான் அவளைக் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு அமெரிக்காவின் டொலீடோ நகர நூலகத்துக்கு வந்தாள். அங்கே ஓய்வுபெற்றவர்கள் இலவசமாகப் படிவம் நிரப்பித் தருகிறார்கள். வில்மாவின் வீட்டுக் கதவைத் தட்டுகிற ஒரே ஆள் இப்போது டார்லீன்தான்.

“தனியாள்னு போடுங்க, இவ புருஷன் தவறிட்டான்,” என்றாள் டார்லீன். “இவ வாயத் திறக்கமாட்டா.”

“அவர் எப்பத் தவறினார்?” என்று கேட்டார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மெர்வின்.

இந்தக் கேள்வி வரும் என்று வில்மாவுக்குத் தெரியும். டார்லீன் பக்கத்தில் இருக்கும்போது வரவேண்டாமே என்றுதான் நினைத்திருந்தாள்.

“போன வருஷம் ஜனவரி ரெண்டு.”

“அப்போ தனியாள் இல்லம்மா. வருஷத்துல அவர் ஒரு நாள் உயிரோட இருந்தாலும் அந்த வருஷம் முழுக்க நீங்க தம்பதிதான். தனியாளுக்கு வரி சீக்கிரம் மேல் விகிதத்துக்கு ஏறிடும். தம்பதிக்கு அந்த எல்லை ரெண்டு மடங்கு தள்ளி.” கணினியைத் தட்டிப் பார்த்தார். “ரெண்டு நாள் முன்னாடி, டிசம்பர்லயே போயிருந்தா உங்களுக்கு இன்னும் ஆயிரத்து எண்ணூறு டாலர் பிடிச்சிருப்பாங்க.”

டார்லீன் சிரித்தாள். “பாத்தியா, என் தம்பி மகா கஞ்சன். சாகும்போதும் மிச்சம் பிடிச்சுக் கொடுத்துட்டுப் போயிருக்கான்.”

சிரிப்பு பாதியில் நின்றது. அந்த டிசம்பர் முப்பதாம் தேதி, ராஸ்கோவின் மூச்சுக் கருவியை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். தம்பி படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை, விட்டுவிடு என்று டார்லீன் கெஞ்சினாள். மூன்று நாள் போகட்டும் என்றாள் வில்மா.

“அலாஸ்காலேர்ந்து உன் பையன் வரணும்னுதானே தள்ளிப்போட்ட?” டார்லீனின் குரல் இறங்கியிருந்தது.

ஆமாம் என்று சொன்னால் முடிந்துபோகும். பொய் சொல்வதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டியிருந்தது. வில்மாவிடம் அது இல்லை.

“அதுக்கும்தான்.”

 டார்லீன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது. இப்போதாவது ஏதாவது வலிக்கும் என்று வில்மா காத்திருந்தாள்.

“எங்க கையெழுத்துப் போடணும்?” என்று கேட்டாள்.