ராய்ச்சோவின் தலை

என் கொழுந்தன் ராய்ச்சோ ஜெர்மனியிலிருந்து வந்தால் முதலில் இறங்குவது அவன் பெருமை, பெட்டி பிறகுதான். அங்கே ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்குகிறான். பெட்டிக்குள் இருப்பது கார் சாமான் என்பதால், கேட்பவர்களிடம் "கார்த் தொழில்ல இருக்கேன்" என்பான்.

அவன் எங்களைத் திருத்த வந்த விஷயங்களில் தலையாட்டலும் ஒன்று. எங்கள் பல்கேரியாவில் தலை இடவலமாக ஆடினால் ஆமாம், மேலும் கீழும் ஆடினால் இல்லை. அது ராய்ச்சோவுக்குக் காட்டுமிராண்டித்தனமாம். "உலகமே ஒரு மாதிரி ஆட்டுது அண்ணி, நீங்க மட்டும் தலைகீழா ஆட்டுறீங்க" என்பான். சரி, பைத்தியத்தோடு மல்லுக்கட்ட முடியுமா? அவன் ஒருவனுக்காக நான் அர்த்தத்தை மாற்றிக்கொண்டேன். இன்னும் சூப் வேணுமா என்று கேட்டு, அவன் தலை மேலும் கீழும் ஆடினால் ஊற்றிவிடுவேன்.

ரோஜா பறிப்பு நடந்துகொண்டிருந்த மே மாதம். விடியலில் பறித்த பூ வெயில் ஏறுவதற்குள் எண்ணெய் வடிக்கும் ஆலைக்குப் போய்விட வேண்டும். தாமதமானால் மூட்டைக்குள்ளேயே வெந்துவிடும். முந்தின வாரம் ஒரு நாள் அப்படித்தான் ஆனது. ஆலைக்கார மின்கோ முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை கெட்ட பூ கொண்டாந்தே, வெலிக்கா, இந்த வருஷம் உன் தோட்டத்துப் பக்கமே திரும்பமாட்டேன்." அவரை விட்டால் எங்களிடம் பூ வாங்க அக்கம்பக்கத்தில் ஆளில்லை.

அந்த நிலையில்தான் பாதி வழியில் கார் இருமி இருமி நின்றது. முந்தின நாள் டேங்கில் பெட்ரோல் ஊற்றியவன் ராய்ச்சோ. எங்கிருந்து ஊற்றினான் தெரியுமா? மாமனார் காலத்திலிருந்து கொட்டகையில் கிடந்த தகர டப்பாவிலிருந்து.

"சும்மா கிடந்து வீணாப் போகுதேன்னு ஊத்தினேன் அண்ணி."

"துருவையும் சேத்து ஊத்தியிருக்கே. ஃபில்டர் அடைச்சிருச்சு."

புது ஃபில்டர் ஒன்று டிக்கியில் எப்போதும் வைத்திருப்பேன். அதை எடுக்கவும் ஜாக்கி போடவும் மூட்டைகளை இறக்க வேண்டியிருந்தது. தள்ளி இருக்கும் வாதுமை மரத்து நிழலில் வைக்கச் சொன்னேன். துரைக்கு அவ்வளவு தூரம் நடக்கக் கால் வரவில்லை. பின் சக்கரத்தை ஒட்டி, காரின் நிழலிலேயே அடுக்கினான். அப்புறம் "நீங்க தள்ளுங்க, இது எங்க தொழில்" என்று அடியில் புகுந்தான்.

ஃபில்டரின் நட்டு துருவேறி இறுகியிருந்தது. ஒரு ஸ்பேனரால் ஃபில்டரைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் திருக வேண்டும். இவன் குறடை வைத்து நட்டை மட்டும் முறுக்கி, அதன் முனைகளை வழித்து உருண்டையாக்கிவிட்டு வெளியே வந்தான்.

"ஜெர்மனியில இந்த மாதிரி நட்டே கிடையாது அண்ணி."

"ஆமா, அங்க அட்டைப்பெட்டிக்கு நட்டு எதுக்கு? நகரு."

நான் அடியில் போனேன். அவன் ஓட்டுநர் சீட்டில் சாய்ந்து, சாவியைத் திருப்பி ரேடியோவைப் போட்டுக்கொண்டான். எங்கள் காரில் சாவியைத் திருப்பினாலே போதும், இஞ்சின் ஓடாவிட்டாலும் பம்பு பெட்ரோலைத் தள்ளத் தொடங்கிவிடும். அதனால் ரெஞ்ச் எடுக்க வெளியே வந்தபோது ஜன்னலில் குனிந்து கேட்டேன்: "சாவியை அணைச்சுட்டியா?"

அவன் போனில் அவன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தான். வாய் திறக்காமல் தலையை மேலும் கீழும் ஆட்டினான். ரேடியோ பாடிக்கொண்டுதான் இருந்தது, வெயில் ஏறுகிற அவசரத்தில் அது எனக்கு உறைக்கவில்லை.

படுத்து, ரெஞ்சால் கவ்வி, பல்லைக் கடித்துத் திருகினேன். நட்டு இளகியதுதான் தாமதம், பெட்ரோல் பீய்ச்சியடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அது என் தோளைத் தாண்டி நேராக மூட்டைகள் மேல் போய் விழுந்தது.

"சாவியை அணைடா!" என்று கத்திக்கொண்டே வெளியே உருண்டேன். விடியலிலிருந்து முள்ளில் கை கிழித்துப் பறித்த பூ, சாக்கோடு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"அணைச்சேன்னு தலையாட்டினியேடா!"

"இல்லைன்னுதானே அண்ணி ஆட்டினேன்? நம்ம ஊர்ல அப்படித்தானே?"

அம்மாவிடம் பேசினால் அவன் தலை இந்த ஊர்த் தலை. எங்களுக்குப் பாடம் நடத்தும்போது மட்டும் ஜெர்மன் தலை. நடுவில் இருக்க வேண்டிய மூளை எல்லையில் எங்கேயோ இறங்கிவிட்டது போலிருக்கிறது.

புது ஃபில்டரைப் பூட்டினேன். கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது. நனையாத மூட்டைகளையாவது எடுத்துக்கொள்வார் என்ற நப்பாசையில் ஆலைக்கு ஓட்டினேன். மின்கோ நனையாத மூட்டையாகப் பார்த்துப் பிரித்து, முகத்தை உள்ளே விட்டு முகர்ந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தலையை மெதுவாக, மேலும் கீழும் ஆட்டினார்.

ராய்ச்சோ என் முதுகில் ஓங்கித் தட்டினான். "பாத்தீங்களா அண்ணி? எடுத்துக்கிட்டாரு! சும்மா பயந்தீங்க!"

மின்கோ அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பூவை எல்லாம் ஆலைக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் நானே கொட்டினேன். அழுகை வந்தது, அவன் முன்னால் அழப் பிடிக்கவில்லை. காரில் ஏறி உட்கார்ந்தேன்.

"வீட்டுக்குத்தானே? நானும் ஏறிக்கவா அண்ணி?" என்று வந்தான்.

நான் தலையை மேலும் கீழும் நன்றாக ஆட்டினேன். அவன் சிரித்தபடி கதவுப்பிடியைத் தொட வந்தான். நான் காரை எடுத்துவிட்டேன். அது எந்த ஊர்த் தலையாட்டல் என்று அவன் நடந்தே யோசிக்கட்டும்.