எட்டு எம்.எம். கயிறு

பாலசுந்தரம் தன் மோதிரத்தைக் கழற்றிச் சந்தனக் கல்லில் உரசிக்கொண்டிருந்தார். உரசிய இடத்தில் தண்ணீர் விட்டு வழித்து, கட்டிலில் கிடந்த செங்கோட்டையனின் வாயில் ஒரு கரண்டி ஊற்ற வேண்டுமாம். பொன்னாசை இருந்தால் அதோடு தீர்ந்துவிடும். மண்ணாசைக்குக் காலையிலேயே வைத்தியம் ஆகிவிட்டது. கொல்லைப்புறத்து மண்ணைக் கரைத்து ஊற்றியதில் கிழவர் பாதியைத் துப்பிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். சில நாட்களாகவே இப்படித்தான், மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

பாலசுந்தரம் செங்கோட்டையனுக்குப் பங்காளி முறையில் அண்ணன். ஏதோ ஒரு சங்கத்துக்கு ஒருமுறை தலைவராக இருந்தவர். பதவி போய்விட்டது என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். எந்தச் சாவுக்கும் தலைமை தாங்காமல் அவர் இருந்ததில்லை. இங்கே இன்னும் சாவு விழவில்லை என்பது அவருக்குச் சின்ன இடைஞ்சல்.

பொன் தண்ணீரும் கடைவாயில் வழிந்தது.

"ஆச ஒண்ணு நிக்குது. அது என்னன்னும் எனக்குத் தெரியும்" என்றவர், கட்டிலருகே துண்டோடு நின்ற செங்கோட்டையனின் மகளைப் பார்த்தார். "பொண்ணு புருசன் ஊட்ட உட்டுப்போட்டு வந்து உக்காந்திருந்தா எந்த அப்பனுக்கு உசுரு நிம்மதியாப் போவும்? மலரு, அப்பன் காதுல சொல்லு. வெண்ணந்தூருக்கே திரும்பிப் போயர்றேன்னு சொல்லிப்போடு."

கூடியிருந்த பெண்கள் ஆமாம் என்பதுபோல் பெருமூச்சு விட்டார்கள்.

மலர்விழி வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். அவள் ஒற்றைப் பையோடு வந்து நின்ற நாளில் அப்பா ஏன் என்று கேட்கவில்லை. "மீன் கொளம்பு இருக்குது, போட்டுத் தின்னு" என்றார். அதற்குப் பிறகும் கேட்கவில்லை. ஒருவேளை கேட்காமல் அடக்கிக்கொண்டதுதான் இப்போது நெஞ்சில் நிற்கிறதோ? சொன்னால் போகவேண்டும். செத்துப்போகிறவருக்குக் கொடுத்த வாக்கை மீற இந்த ஊர் விடாது. சொல்லாவிட்டால் இந்த இழுப்பு. அவள் குனிந்தாள். "அப்பா, நான்..." என்று தொடங்கினாள்.

"ஏனுங்க, தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்" என்றபடி பச்சமுத்து உள்ளே வந்தார்.

பூலாம்பட்டி ஆற்றோரத்தில் படகுச் சாமான் விற்பவர் பச்சமுத்து. கயிறு, வலை, மிதவை, துடுப்பு, பரிசல் ஓட்டை அடைக்கும் பிசின் எல்லாம் உண்டு. கடைக்குள் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்கவேண்டும். பலகையில் மட்டும் 'அகில இந்திய' என்று போட்டிருக்கும். ஆற்றில் மீன் பிடித்துப் பிழைத்த செங்கோட்டையனுக்கு, போனில் விலை பார்க்க மலர்விழி சொல்லிக்கொடுத்தாளோ இல்லையோ, பச்சமுத்துவுக்குச் சனி பிடித்தது. காலையானால் செங்கோட்டையன் கடைக்குப் போவார். கயிற்றை இழுத்துப் பார்ப்பார், விலை கேட்பார். நாலு பேர் கூடியதும், "போன்ல என்ன வெல போட்டுருக்கறான் தெரியுமா?" என்று உரக்கப் படிப்பார்.

"அப்பப் போனுக்குள்ளயே போயி வாங்கிக்கங்க" என்பார் பச்சமுத்து. தொண்டை வற்றும்வரை சண்டை நடக்கும். கடைசியில் ஐந்தோ பத்தோ குறைத்து அங்கேயே வாங்கி வருவார்.

ஒரே ஒருமுறை துடுப்பு ஒன்றைப் போனில் வரவழைத்தார். கூரியர்காரன் வீடு தெரியாமல் பச்சமுத்து கடையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டான். பார்சலின் நீளத்தைப் பார்த்தாலே இலட்சணம் தெரிந்தது. குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டிக்கு ஆகும். பச்சமுத்துவே கொண்டுவந்து கொடுத்தார். வாயைத் திறக்கவில்லை. ஊருக்குள்ளும் சொல்லவில்லை.

இப்போது அவர் கட்டில் சட்டத்தில் உட்கார்ந்து, செங்கோட்டையனின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"ஏனுங்ணா, எட்டு எம்.எம். கயிறு வந்திருக்குது. கிலோ முன்னூத்தி இருவது."

"யோவ், உசுரு போற நேரத்துல யாவாரமா?" என்று பாலசுந்தரம் சீறினார்.

செங்கோட்டையனின் இமை அசைந்தது. உதடு ஒட்டிப் பிரிந்தது. "எரநூத்தி... எழுவது."

"மந்திரம் சொல்றாரு! எல்லாரும் கையெடுத்துக் கும்புடுங்க!" என்றார் பாலசுந்தரம். இரண்டு பேர் கும்பிடவும் செய்தார்கள்.

"ஆருங்ணா எழுவதுக்குக் குடுக்கறான்?"

"போன்ல."

"அவன் தண்ணியில போட்டா நைஞ்சுபோற கயிறு வெச்சிருப்பான். முன்னூறு. உங்குளுக்காவ."

"எழுவது."

"என்னைய ஊட்ட வித்துப்போட்டுப் போவச் சொல்றீங்களா? தொண்ணூறு."

கிழவரின் கண் முழுசாகத் திறந்தது. அதில் மலர்விழி நன்றாக அறிந்த பழைய குறும்பு இருந்தது. அவர் பதில் சொல்லவில்லை. பேரம் தெரிந்தவர் எப்போது பேசாமல் இருக்கவேண்டும் என்பதையும் அறிந்தவர்.

பச்சமுத்து எழுந்து போவதுபோல் பாசாங்கு செய்தார். வேட்டியைச் சரிசெய்தார். திரும்ப உட்கார்ந்தார். பெரிய நஷ்டக்காரனாக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "செரி, எழுவதுக்கே எடுத்துக்கங்க. உங்ககிட்ட முடியாது" என்றார்.

செங்கோட்டையனின் பார்வை நகர்ந்து மகளிடம் வந்து நின்றது. 'பார்த்தாயா' என்று கேட்கிற பார்வை. வேறெதுவும் அதில் இல்லை. அவள் எவ்வளவு தேடியும் இல்லை.

"எடைய... ஒழுங்காப் போடு" என்றார் பச்சமுத்துவிடம்.

மலர்விழி பால் ஊற்றினாள். அதை விழுங்கினார். கொஞ்ச நேரத்தில், யாரும் கவனிக்காத ஒரு மூச்சோடு நின்றுபோனார்.

"பொன் தண்ணி வேல செஞ்சுபோட்டுது பாத்தீங்களா?" என்றார் பாலசுந்தரம். அவர் உடனே பந்தலுக்கு ஆள் அனுப்பக் கிளம்பினார்.

வாசலில் பச்சமுத்து ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு சௌந்திரம் போட்டு அனுப்பிய டீயை மலர்விழி அவருக்கு முதலில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எழுவதுன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்ல மாமா?"

"சட்டுன்னு எறங்குனா அண்ணனுக்கு வெளங்கிப்போயிரும் சாமி, நான் எதுக்கு வந்தேன்னு."

டீயை ஊதினார். "அதுவுமில்லாம, எழுவது எனக்குக் கட்டுபடியாவாது."

அவள் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். வெண்ணந்தூரைப் பற்றி அவளிடம் இனி யாரும் கேட்கலாம். கேட்டுக்கொள்ளட்டும்.

வாசலுக்கு எதிரே ஆற்றில், அக்கரையிலிருந்து ஆள் ஏற்றிவந்த விசைப்படகு வீட்டுக்கு நேராக வந்ததும், ஓட்டுகிறவர் என்ன தெரிந்துகொண்டாரோ, இன்ஜினை அணைத்தார். சத்தம் நின்றது. படகு வந்த வேகத்திலேயே கொஞ்ச தூரம் தானாக மிதந்து போனது.